டுப்ளிகேஷன் வீதியில் ஒரு சுதந்திர மேசை

மேல்மாடியில் டைல் வெட்டுகிறார்கள், கீழே காலி வீதி ஹோர்ன். வெள்ளவத்தை ஃபிளாட்டில் இருந்து கணக்கு வேலை செய்ய முடியாமல்தான் டுப்ளிகேஷன் வீதிப் பக்கம் ஒரு கோ-வேர்க்கிங் இடத்தில் மாத மேசை எடுத்தேன். பெயர் போடவில்லை. அந்தப் பக்கம் போகிறவர்களுக்கு எது என்று விளங்கும்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். கதிரைகள் அருமை, என் நாரி நோ பாதி குறைந்தது. இணையம் ஒருநாளும் இழுபடவில்லை. கரண்ட் போனால் கண் மூடித் திறக்கமுன் ஜெனரேட்டர் பிடித்துவிடும். ஏசிதான் கொஞ்சம் கூட, சால்வை கொண்டு போங்கள். தேத்தண்ணி பரவாயில்லை.

கதைக்க ஒரு ஆள் இல்லை என்பதுதான் பிரச்சினை. கதவு, பில், முறைப்பாடு எல்லாம் ஃபோன் அப்பில்தான். மீட்டிங் அறைக்கு 15 நிமிடக் கணக்கில் காசு. என் வாடிக்கையாளர் எழும்பி நின்று விடைபெற்ற நேரத்துக்கும் சேர்த்து ஒரு 15 நிமிடம் ஏற்றிவிட்டார்கள். எழுதிக் கேட்டால், இது சந்தை விலை, பிடிக்காவிட்டால் நீங்கள் விலகலாம் என்று பதில். விலகலாம்தான், ஆனால் விலகினால் மூன்று மாத முற்பணம் அவர்களுக்கு! சட்டதிட்டமே வேண்டாம் என்கிறவர்கள் எழுதிய ஒப்பந்தம் 14 பக்கம். காணிக் கந்தோரில்கூட இவ்வளவு கையெழுத்துக் கேட்கமாட்டார்கள்.

வேண்டாம் என்கிறார்கள் என்று நான் சும்மா சொல்லவில்லை. வெள்ளிக்கிழமை பின்னேரங்களில் அங்கே பேச்சு நடக்கும், மாதக் காசில் அதுவும் அடக்கம். நான் இருந்து கேட்ட அன்று ஒரு மென்பொருள் கொம்பனி முதலாளி, மொரட்டுவைப் பல்கலைக்கழகத்தில் படித்த தம்பி, “அரசாங்கம் வழியை விட்டால் போதும், மிச்சத்தை நாங்கள் பார்ப்போம்” என்றார். ஒரே கைதட்டல். 1945இல் வந்த இலவசக் கல்வியில் ஏறி மேடைக்கு வந்த தம்பிதான் அவர். இந்தக் கதை கலிபோர்னியாவில் இருந்து இறக்குமதியானது. இணையவெளியில் அரசாங்கங்களுக்கு வேலையில்லை என்று அமெரிக்க எழுத்தாளர் ஜோன் பெரி பார்லோ சுவிட்சர்லாந்தின் டாவோஸில் இருந்து பிரகடனம் எழுதியது 1996இல். அந்த இணையத்துக்கு வித்தான ஆர்ப்பாநெட் என்ற கணினி வலையமைப்போ 1969இல் அமெரிக்கப் பாதுகாப்புத் திணைக்களத்தின் காசில் தொடங்கியது. 2023 மார்ச்சில் அமெரிக்கத் தொழில்நுட்பக் கொம்பனிகள் காசு போட்டு வைத்த சிலிக்கன் வேலி வங்கி விழுந்தபோது, அரசாங்கத்தின் வைப்புக் காப்புறுதி ஒரு வைப்பாளருக்கு 250,000 டொலர் வரைக்கும்தான் இருந்தது. அரசாங்கம் வேண்டாம் என்று பழகிய முதலீட்டுக்காரர்களே அப்போது அரசாங்கத்தைக் கூப்பிட்டுக் கத்தினார்கள், முழு வைப்பும் காப்பாற்றப்பட்டது. 2022இல் எங்கள் ஊர் பெற்றோல் வரிசையும் அரசாங்கத்தின் க்யூஆர் எரிபொருள் பாஸும் வாரப் பங்கும் வந்த பிறகுதான் அடங்கியது. அதில் தனியார் மென்பொருள்காரரின் உழைப்பும் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் ஓட்டோவுக்கு இத்தனை லீற்றர் என்று வகுத்துக் கொடுத்தது சந்தை இல்லையே.

இதையெல்லாம் கேட்டுவிட்டு ஒரு பிளேன்டீ குடித்துவிட்டுப் போயிருப்பேன், வோஷ்ரூம் வாசலில் இருக்கிற அந்தத் திரை இல்லாவிட்டால். சிரித்த முகம், சும்மா முகம், கோப முகம் என்று மூன்று படம். வெளியே வருகிறவர் ஒன்றை அமத்த வேண்டும். அங்கே துப்புரவு செய்கிற பெடியன் ஹட்டன் பக்கம். கோப முகம் கூடினால் அடுத்த கிழமை வேலை நாள் குறையும் என்றான். தண்ணி வராத நாளும் அவன் கணக்கில்தான். சின்னக் கடைகளுக்கு மாதாமாதம் ஈபிஎஃப், அதாவது ஊழியர் சேமலாப நிதி, சீ ஃபோர்ம் நிரப்பிக் கொடுக்கிறவள் நான், வாய் சும்மா இருக்குமா? உனக்கு ஈபிஎஃப் கட்டுகிறார்களா என்று கேட்டேன். “இல்ல அக்கா, நான் சுயாதீன சேவை வழங்குநராம்” என்றான். தினமும் ஏழு மணிக்கு வந்து, அவர்கள் கொடுத்த சேர்ட்டைப் போட்டு, அவர்கள் சொன்ன வேலையைச் செய்கிறவன். 1958ஆம் ஆண்டுச் சட்டப்படி ஈபிஎஃப்புக்குச் சம்பளத்தில் முதலாளி 12 வீதம், தொழிலாளி 8 வீதம். அதற்கு மேல் வேறொரு சட்டப்படி ஈடிஎஃப் என்ற ஊழியர் நம்பிக்கை நிதிக்கு முதலாளி 3 வீதம். வெள்ளவத்தைச் சந்தையில் மரக்கறிக் கடை வைத்திருக்கிற என் வாடிக்கையாளர் ஐயா முணுமுணுத்துக்கொண்டே இரண்டு பேருக்குக் கட்டுகிறார். இத்தாலியக் கோப்பி மெஷின் வைத்திருக்கிறவர்களுக்கு அது முடியாதாம். நான் அதற்குப் பிறகு தண்ணி வந்தாலும் வராவிட்டாலும் சிரித்த முகத்தைத்தான் அமத்துகிறேன்.

நாள் பாஸ் என்றால் நாலு நட்சத்திரம், ஒன்பது மணிக்கு முன் போனால் ஜன்னல் பக்கம் கிடைக்கும். மாத மேசைக்கு இரண்டு. மீட்டிங்கை வெளியே ஒரு தேத்தண்ணிக் கடையில் வைத்துக்கொள்ளுங்கள். முற்பணம் பற்றிய வாசகம் ஒப்பந்தத்தின் 11ஆம் பக்கத்தில் சின்ன எழுத்தில் இருக்கிறது, காசு கட்டமுன் அதைக் காட்டச் சொல்லுங்கள்.