மட்டக்களப்பான் நுவரெலியாவில் சைக்கிள் ஓட எதைப் போடுவது

எங்களுக்குக் குளிர் என்றால் மார்கழி வாடைதான். திருவெம்பாவைக்கு விடியப்புறம் கோயிலுக்குப் போகும்போது துவாயைக் காதோடு சேர்த்துத் தலையில் கட்டிக்கொண்டு போவோமே, அந்தக் குளிர். அந்த அனுபவத்தை முதலாக வைத்துக்கொண்டு நுவரெலியாவுக்கு உடுப்பு வாங்கியவன் நான். இரண்டு பயணம், ஐந்து சாமான், 19,000 ரூபாய். அதில் 14,700 ரூபாய் வீண். மிச்சம் 4,300 ரூபாயைப் பற்றித்தான் இங்கே நல்லதாக எழுதப் போகிறேன்.

கல்லடியில் ரியூசன் கொடுக்கிறேன், வயது 43. பழையதாக வாங்கிய மவுண்டன் பைக் ஒன்று இருக்கிறது. உன்னிச்சைக் குளக்கட்டிலும் குடும்பிமலைப் பக்கத்துக் கிறவல் றோட்டிலும் ஓடுவேன். அங்கே உடுப்பைப் பற்றி யோசிக்க ஒன்றுமில்லை. பழைய ரீசேர்ட், அரைக்காற்சட்டை, இரண்டு போத்தல் தண்ணீர். பயம் வெயிலுக்கு மட்டும்தான்.

செங்கலடிச் சந்தியில் தொடங்குகிற ஏ5 வீதி மகாஓயா, பிபிலை, பதுளை என்று ஏறி நுவரெலியாவைத் தொட்டுப் பேராதனைக்குப் போகிறது. செங்கலடி கடல் மட்டத்தோடு கிடக்கிறது, நுவரெலியா 1,868 மீற்றரில் இருக்கிறது. ஆயிரம் மீற்றர் ஏறினால் சுமார் ஆறரைப் பாகை குறையும் என்பது பள்ளிக்கூடத்தில் படித்த கணக்கு. அப்படிப் பார்த்தால் 12 பாகை வித்தியாசம். கணக்கு வாத்தி நான், தாளில் இதை அழகாகப் போட்டுப் பார்த்தேன். உடம்பில் போட்டுப் பார்க்கவில்லை.

போன வருசம் தை மாதம், மச்சானின் ஹயேஸ் வானில் இரண்டு சைக்கிளையும் ஏற்றிக்கொண்டு போனோம். அதற்கென்றே மட்டக்களப்பு டவுனில் ஒரு கடையில் 6,500 ரூபாய்க்கு ஜக்கெட் ஒன்று வாங்கியிருந்தேன். உள்ளே பஞ்சு வைத்துத் தைத்த, தொப்பி வைத்த, மொத்தமான கறுப்பு ஜக்கெட். கடையில் ஏசிக்கு நேரே நின்று போட்டுப் பார்த்தேன். ராசா மாதிரி இருந்தது. அதற்குள்ளே வழக்கமான பருத்தி ரீசேர்ட்.

நுவரெலியாவிலிருந்து சாந்திபுரவுக்கு ஏறினோம். இலங்கையிலேயே உயரமான கிராமம் என்று சொல்கிற இடம். ஏற்றம் தொடங்கிப் பத்து நிமிசத்தில் ஜக்கெட்டுக்குள் மட்டக்களப்பே வந்துவிட்டது. சிப்பைத் திறந்தேன், தொப்பியைக் கழற்றினேன், கையைச் சுருட்டப் பார்த்தேன், பஞ்சு சுருளாது. மேலே போய்ச் சேர்ந்தபோது ரீசேர்ட்டைப் பிழிந்தால் ஒரு கோப்பை நிரம்பும். நின்று படம் எடுத்தோம், கச்சான் கொட்டை தின்றோம், பிறகு இறங்கத் தொடங்கினோம்.

இறக்கத்தில் முதல் வளைவிலேயே தெரிந்துவிட்டது. நனைந்த ரீசேர்ட் முதுகில் ஒட்டிக்கொண்டது. கழுத்தாலும் இடுப்பாலும் காற்று உள்ளே புகுந்தது. மீன்காரன் ஐஸ் பெட்டியைத் திறந்து முதுகில் சாய்த்துவிட்ட மாதிரி. மிதிப்பதற்கு ஒன்றுமில்லை, உடம்பில் சூடு பிறக்க வழியில்லை. மூன்றாவது வளைவில் விரல் பிறேக்கில் இருக்கிறதா இல்லையா என்பதைக் கண்ணால் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். பயந்துவிட்டேன், பொய் சொல்லவில்லை. இறங்கி, சைக்கிளை உருட்டிக்கொண்டு ஒரு தேத்தண்ணிக் கடைக்குப் போனேன்.

பிரான்ஸில் நடக்கிற பெரிய சைக்கிள் போட்டியில் அந்தக் காலத்து வீரர்கள் மலை உச்சியில் பத்திரிகையை வாங்கி நெஞ்சுக்குள் செருகிக்கொண்டு இறங்குவார்கள் என்று எங்கோ படித்தது அப்போதுதான் ஞாபகம் வந்தது. கடையில் கிடந்த முதல்நாள் பேப்பரைக் கேட்டேன். கடைக்காரத் தம்பி என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "அண்ணே, பேப்பரு படிக்கவா, போத்திக்கவா?" என்றான். நனைந்த ரீசேர்ட்டைக் கழற்றிப் பையில் போட்டு, வெறும் உடம்பில் நாலு தாளை நெஞ்சிலும் வயிற்றிலும் வைத்து ஜக்கெட்டை மூடினேன். நகரம் வரைக்கும் சரசர என்று சத்தம் வந்தது, குளிர் வரவில்லை. 6,500 ரூபாய் ஜக்கெட் செய்யாததைப் பழைய பேப்பர் செய்தது.

ஏன் என்று பிறகு விளங்கியது. குளிரிலே சைக்கிள் ஓடுகிறவனுக்கு முதல் எதிரி அவனுடைய சொந்த வியர்வை, இரண்டாவது எதிரி காற்று. வெப்பமானியில் 10 பாகை இருக்கும்போது மணிக்கு 30 கிலோமீற்றரில் இறங்கினால் தோலுக்கு அது ஆறரைப் பாகை மாதிரி. 5 பாகையில் அதே வேகத்தில் இறங்கினால் சுழியம், அதாவது ஐஸ். பருத்தி வியர்வையைக் குடித்து வைத்துக்கொண்டு விடாது. மொத்தமான ஜக்கெட் ஏற்றத்தில் ஆளை அவித்து நனைத்துவிடும், நனைந்தவனை இறக்கத்தில் காற்றுக்குக் கொடுத்துவிடும். ஏறத் தொடங்கும்போது கொஞ்சம் குளிர வேண்டும், அதுதான் சரியான உடுப்பு என்கிறார்கள். எங்கள் ஊர் ஆளுக்கு இதை நம்பக் கஷ்டம்.

சரி, மற்றச் சாமான்களுக்கு வருகிறேன்.

இணையத்தில் விற்கிற ஒரு கடையிடம் 5,800 ரூபாய்க்கு வாங்கிய உள்ளாடை செட். பெயர் சொல்லவில்லை, சண்டைக்குப் போகிற வயதில்லை. முழுக்கப் பொலியெஸ்டர், வியர்வை நிற்காது என்று போட்டிருந்தார்கள். வந்த சாமானின் உள் லேபலில் பாதிக்கு மேல் பருத்தி. இரண்டாம் தோய்ப்பில் கக்கத்தில் தையல் விட்டது. திருப்பி எடுக்கச் சொல்லி மூன்று தரம் எழுதினேன், கைகூப்பின பொம்மை ஒன்றை அனுப்பினார்கள். அவ்வளவுதான்.

2,400 ரூபாய்க்கு மோட்டார் சைக்கிள் கிளவுஸ். குளிருக்கு நல்லது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் மவுண்டன் பைக் பிறேக்கை ஒரு விரலால் அல்லது இரண்டு விரலால் பிடிக்க வேண்டும், மிச்ச விரல் கைப்பிடியை விடக்கூடாது. இந்தக் கிளவுஸுக்குள் ஒவ்வொரு விரலும் வாழைப்பழம் மாதிரி. ஒரு விரலை நீட்டினால் கூடவே பக்கத்து விரலும் வரும். இதற்குப் பதில் இப்போது மெல்லிய சைக்கிள் கிளவுஸுக்கு உள்ளே பார்மசியில் வாங்குகிற மெல்லிய ரப்பர் கிளவுஸைப் போடுகிறேன். காற்று புகாது. கழற்றும்போது கை உடுப்புத் தோய்த்த கை மாதிரி சுருங்கியிருக்கும், மணமும் அவ்வளவு நல்லதில்லை. ஆனால் விரல் என் சொல் கேட்கும்.

இனி நல்லது. அந்த முதல் பயணத்தின் அடுத்த நாள் காலை மச்சான் என்னை நுவரெலியாவில் பேல் உடுப்புக் கடைகள் வரிசையாக இருக்கிற இடத்துக்குக் கூட்டிக்கொண்டு போனான். சுற்றுலா வருகிறவர்கள் எல்லாரும் அங்கேதான் சுவெட்டர் வாங்குவார்கள். தகரக் கூரைக்குக் கீழே ஜக்கெட் தொங்குகிற தொங்கல், வாழைக்குலைச் சந்தை மாதிரி. எல்லாரும் மொத்தமானதைத் தடவிப் பார்க்கிறார்கள். நான் கடைசிக் கம்பியில் கசங்கிக் கிடந்த ஒரு மெல்லிய ஜக்கெட்டை எடுத்தேன். ஏற்றுமதிக்குத் தைத்து மிஞ்சியதாக இருக்க வேண்டும், கழுத்து லேபலைக் கத்தரித்திருந்தார்கள்.

துணியை வாயோடு வைத்து ஊதிப் பார்த்தேன். முன்பக்கம் ஊதினால் மூச்சு மறுபக்கம் வரவில்லை. முதுகுப் பக்கம் ஊதினால் கொஞ்சம் வருகிறது. கக்கத்தின் கீழே இரண்டு பக்கமும் சிப், திறந்தால் காற்றோட்டம். பின் விளிம்பு முன் விளிம்பைவிட ஒரு சாண் நீளம், குனிந்து ஓடும்போது இடுப்பு தெரியாது. முழு ஜக்கெட்டும் தன் பொக்கெட்டுக்குள்ளேயே மடிந்து ஒரு பணிஸ் அளவுக்கு வந்துவிடுகிறது. கடைக்கார அக்கா, "அது ரொம்ப மெல்லிசு சார், குளிருக்குத் தாங்காது, இதப் பாருங்க" என்று ஒரு கரடித் தோலை நீட்டினார். 3,500 சொன்னார், 2,800க்கு வந்தார். அதோடு கையில்லாத ஃபிளீஸ் ஒன்று 1,500 ரூபாய்.

மாசி மாதம் இரண்டாம் பயணம். காலை ஆறு மணிக்கு நுவரெலியாவிலிருந்து அம்பேவெல, அங்கிருந்து பட்டிப்பொல. இலங்கையின் ஆக உயரமான ரயில் நிலையம் பட்டிப்பொலதான். கிளம்பும்போது சைக்கிள் மீற்றரில் 9 பாகை. உள்ளே நான் போட்டது என்ன தெரியுமா? எங்கள் விளையாட்டுக் கழகத்தின் உதைபந்தாட்ட ஜேர்சி. முதுகில் 7ஆம் இலக்கம், நெஞ்சில் உபயகாரரின் பெயர். முழுக்கப் பொலியெஸ்டர், உடம்போடு ஒட்டி நிற்கும், வியர்வையை வெளியே தள்ளும், பிழிந்து உதறினால் பாதி காய்ந்துவிடும். மட்டக்களப்பில் இது இல்லாத வீடே இல்லை. 5,800 ரூபாய் கொடுத்துத் தேடியது என் அலுமாரியிலேயே மூன்று கிடந்தது. மெரினோ ஆட்டு மயிரில் செய்தது இதைவிடத் திறம், நனைந்தாலும் சூடு தரும், மணக்காது என்பது உண்மை. அந்த விலைக்கு நான் சைக்கிளுக்கு ஒரு ரயர் வாங்குவேன்.

ஏற்றத்தில் ஜேர்சியும் ஃபிளீஸும் மட்டும். முதல் பத்து நிமிசம் பல் கிடுகிடுத்தது, மச்சான் சிரித்தான். பிறகு அவன் வியர்த்தான், நான் வியர்த்தும் உடம்பில் ஈரம் தங்கவில்லை. அம்பேவெலவில் காற்றாலைகள் நிற்கிற இடம், சும்மாவா அங்கே நட்டிருக்கிறார்கள்! வெட்டவெளி, காற்று பக்கவாட்டில் அடிக்கிறது. பணிஸ் உருண்டையை வெளியே எடுத்து ஜக்கெட்டை உதறிப் போட்டேன். கதவைச் சாத்தின மாதிரி இருந்தது. திரும்பி வரும் நீண்ட இறக்கத்துக்கு முன்னால் நனைந்த ஜேர்சியை மாற்றி இரண்டாவது ஜேர்சியைப் போட்டேன், கக்கத்துச் சிப் இரண்டையும் பூட்டினேன். பேப்பர் தேவைப்படவில்லை.

குறையும் இருக்கிறது. சிப்பின் பிடி அரிசி மணி அளவு, கிளவுஸ் போட்ட கைக்கு அகப்படாது. தூண்டில் தங்கூசியில் ஒரு வளையம் போட்டுக் கட்டினேன், வழுக்கியது, பிறகு சப்பாத்து லேஸ் துண்டைக் கட்டினேன். மழைக்கு இது ஆகாது. தூறலைக் கால் மணித்தியாலம் தாங்கும், பிறகு தோள்பட்டையால் உள்ளே வரும். நுவரெலியா மழையை நம்பிப் போகிறவர்கள் மழைக் கோட்டைத் தனியாகக் கொண்டு போங்கள். கை வெள்ளைக்காரனுக்குத் தைத்த நீளம். கண்ணாடியில் பார்த்தால் தம்பி அண்ணனின் உடுப்பைப் போட்ட மாதிரி இருக்கும், ஆனால் கைப்பிடியை எட்டிப் பிடிக்கும்போது மணிக்கட்டு மூடியே இருக்கும். எனக்கு அது வசதி.

காலுக்கு நான் ஒன்றும் வாங்கவில்லை. இரண்டு சோடி சொக்ஸ் போட்டுப் பார்த்தேன், சப்பாத்து இறுகி இரத்தம் ஓடாமல் விரல் இன்னும் மரத்தது. ஒரு சொக்ஸ், அதன் மேலே சொப்பிங் பை, அதன் மேலே சப்பாத்து. பார்க்க அவலட்சணம், வேலை செய்யும். முழங்காலை மூடுகிற நீளக் காற்சட்டை கட்டாயம். ஹெல்மெட்டின் ஓட்டைகளால் காற்று காதைக் கடிக்கும், மெல்லிய கழுத்துத் துணியைக் காதுவரை இழுத்து அதன் மேல் ஹெல்மெட்டைப் போடுங்கள்.

தோய்க்கும்போது ஒரு விசயம். இந்த வகைத் துணிக்கு வாசனைத் திரவம் போடக்கூடாது, இழையில் படிந்து வியர்வையை வெளியே விடாமல் செய்துவிடும். அம்மாவுக்குத் தெரியாது, ஒரு தரம் ஜேர்சியை நன்றாக ஊறவைத்துவிட்டா. அது இப்போது மல்லிகைப்பூ மாதிரி மணக்கிறது, வியர்வையையும் நன்றாகப் பிடித்து வைத்திருக்கிறது. சவர்க்காரம் மட்டும் போட்டு இரண்டு மூன்று தரம் அலசிப் பார்க்க வேண்டும்.

அந்த 6,500 ரூபாய் ஜக்கெட் சின்னமாமாவிடம் போய்விட்டது. அவர் மீன் லொறியில் இராத்திரியோடு இராத்திரியாக நுவரெலியாவுக்குப் போகிறவர், முன் ஆசனத்தில் அசையாமல் இருந்து போகிற ஆள். வியர்க்காது, மிதிக்கத் தேவையில்லை. இப்படி ஒரு உடுப்பைத் தன் வாழ்நாளில் போட்டதில்லை என்று எல்லாரிடமும் சொல்லித் திரிகிறார். போன கிழமை வீட்டுக்கு வந்து வாசலில் நின்று, "மனே, இதோட சேர்த்து ஒரு சோடி கிளவுஸும் கிடந்ததாமே?" என்று கேட்டார். எடுத்துக் கொடுத்துவிட்டேன்.