மேசையை இறக்குவதா, சட்டத்தை இழுப்பதா? சின்ன கேம்பரில் படுக்கை போடும் வழிகள்

உள்ளேயே சமைத்துத் தூங்கிப் பயணம் செய்யும் சின்ன கேம்பர் வண்டியில் பகலில் உட்காரும் இடமும் இரவில் படுக்கும் இடமும் ஒன்றேதான். அதனால் படுக்கையைத் தினமும் பூட்டிக் கழற்ற வேண்டியிருக்கிறது. விற்பவர்கள் செய்து காட்டும்போது அரை நிமிடத்தில் முடிந்துவிடும். ஆனால் அவர்கள் காட்டும் வண்டியில் மேசைமேல் டம்ளர் இருக்காது, பெஞ்ச் ஓரத்தில் பை இருக்காது, எங்கேயும் ஈரத்துண்டு தொங்காது. நாம் தங்கும் வண்டியில் இதெல்லாம் இருக்கும்.

அதனால் இந்த வழிகளை ஒப்பிடும்போது நான் நிமிடக் கணக்கு பார்ப்பதில்லை. படுக்கை தயாராகும்வரை எத்தனை பொருளைக் கையில் தூக்கி, தற்காலிகமாக வேறெங்காவது வைக்க வேண்டியிருக்கிறது என்றுதான் பார்க்கிறேன். வீட்டில் தலையணையைத் தரையில் போட்டுவிட்டு மெத்தையைச் சரிசெய்யலாம். இங்கே இருக்கும் கொஞ்சம் தரையிலும் நாமே நின்றுகொண்டிருப்போம். தூக்கிய குஷனை வைக்க இடமில்லாமல் முன்சீட்டுக்கும் அடுப்பு மேடைக்கும் மாற்றி மாற்றிக் கொண்டுபோவதில்தான் நேரமும் பொறுமையும் கரைகின்றன.

முதலில், எல்லாருக்கும் தெரிந்த மேசைப் படுக்கை. எதிரெதிரே இரண்டு பெஞ்ச், நடுவே மேசை. இரவில் மேசைக் காலைக் கழற்றி, பலகையை இரண்டு பெஞ்சின் ஓரத்திலும் அடித்திருக்கும் ரீப்பர், அதாவது மெல்லிய மரக்கட்டைமேல் இறக்கி, முதுகுக் குஷன்களை நடுவில் போட்டால் படுக்கை தயார். செலவு குறைவு, பழுதாகும் பாகம் என்று பெரிதாக எதுவும் இல்லை. நாலு பேர் உட்கார்ந்து நிம்மதியாகச் சாப்பிட இதைவிட நல்ல ஏற்பாடு கிடையாது.

ஆனால் என் கணக்கில் இதற்குத்தான் மோசமான மதிப்பெண். மேசைமேல் இருப்பதெல்லாம் வேறிடம் போக வேண்டும். அப்புறம் பலகையை ஒரு கையில் தாங்கிக்கொண்டு காலைப் பிடுங்க வேண்டும். இந்தக் கால் பெரும்பாலும் நுனி லேசாக ஒடுங்கிய அலுமினியக் குழாய். தரையில் பதித்த குழிக்குள் செருகி நிற்கும். நாள் முழுக்க மேசைமேல் முழங்கையை ஊன்றிச் சாய்ந்தால் அது உள்ளே இறுகிவிடும். மேல்நோக்கி இழுத்தால் அசையாது. அடிப்பக்கம் இரண்டு கையாலும் பிடித்துத் திருகினால்தான் விடும். அதில் மணல் ஒட்டியிருந்தால் இன்னும் கடிக்கும். எண்ணெய் விட வேண்டாம், அது மேலும் மண்ணைச் சேர்க்கும். நன்றாகத் துடைத்துவிட்டு மெழுகுவர்த்தியை லேசாகத் தேய்த்தால் போதும்.

காலைக் கழற்றவே வேண்டாம் என்பவர்களுக்கு, ஒன்றுக்குள் ஒன்று இறங்கும் குழாய்க் கால் கிடைக்கிறது. கேஸ் ஸ்பிரிங் (அழுத்திய வாயு அடைத்த ஸ்பிரிங்) வைத்ததில் பிடியை அழுத்திக்கொண்டு மேசையை அமுக்கினால் அப்படியே கீழே இறங்கும். பலகையைத் தூக்க வேண்டிய வேலை போய்விட்டது, நல்ல முன்னேற்றம்தான். வாங்குமுன் பார்க்க வேண்டியது அதன் மிகக் குறைந்த உயரம். பலகை ரீப்பர்மேல் உட்காரும் உயரம்வரை அது இறங்க வேண்டும். விரல் தடிமன் உயரம் மிஞ்சினாலும் படுப்பவர்களின் மொத்த எடையும் அந்த ஒற்றைக் காலுக்கும் தரையில் போட்ட நாலு போல்ட்டுக்கும் போய்விடும். எடையை ஓரத்து ரீப்பர்கள்தான் தாங்க வேண்டும், காலின் வேலை மேசையைத் தூக்கி இறக்குவது மட்டுமே.

சரி, மேசையைப் படுக்கை வேலையிலிருந்தே விடுவித்துவிட்டால்? இரண்டு பெஞ்சுக்கும் நடுவே நடைபாதை அளவு இடைவெளிதான் என்றால், அதை மூடத் தனிப் பலகைகள் போதும். ஒரே பெரிய பலகையாக வைத்தால் பகலில் அதை எங்கே ஒளிப்பது என்ற கேள்வி வரும். மூன்று நாலு துண்டாக அறுத்து, பெஞ்சின் மூடியையே நகர்த்தி வைக்கும்படி செய்தவர்கள் கெட்டிக்காரர்கள். துணி நாடாவில் வரிசையாக அடித்த ரீப்பர்களைச் சுருட்டி வைத்து, இரவில் பெஞ்சுக்குப் பெஞ்ச் விரித்துவிடுவது இதற்கு அடுத்த படி. சுருள் பெஞ்சுக்குள் அடங்கும், காற்றும் போகும். ஒரே நிபந்தனை: ஒவ்வொரு ரீப்பரின் இரு முனையும் பெஞ்ச் ஓரத்தில் ஊன்ற வேண்டும். இடைவெளி அகலமானால் ரீப்பர் வில்லாக வளையும். கட்டில் சுருள் என்று விற்கும் மெல்லிய ரகங்கள் பெரும்பாலும் மூன்றடி அகலக் கட்டிலுக்குச் செய்தவை. அதற்கு மேல் நீளும் இடைவெளிக்கு அவற்றை நம்ப வேண்டாம்.

எனக்குப் பிடித்தது அடுத்தது: இழுக்கும் சட்டம். ஒரே பெஞ்ச், அதன் மேல்தளம் முழுக்க ரீப்பர். ஒன்றுவிட்டு ஒன்று பின்சுவர்ப் பக்கம் அசையாமல் ஸ்க்ரூ அடித்தவை, மற்றவை முன்பலகையில் அடித்தவை. இரண்டு சீப்பின் பற்களைக் கோர்த்து வைத்ததுபோல இருக்கும். முன்பலகையைப் பிடித்து இழுத்தால் பாதி ரீப்பர்கள் முன்னே வரும், பெஞ்ச் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு அகலமாகும். 65 செ.மீ. ஆழமுள்ள பெஞ்ச் 120 செ.மீ. படுக்கையாகும். குஷன்மேல் உட்கார்ந்திருந்தவர் எழுந்தால் போதும், வேறு எதையும் எங்கேயும் கொண்டுபோய் வைக்க வேண்டியதில்லை. முதுகுக் குஷன் சரிந்து வந்து முன்பாதியை மூடிக்கொள்ளும்.

இதைச் சொந்தமாகச் செய்பவர்கள் சில நுணுக்கங்களைக் கவனிக்க வேண்டும். முழுக்க இழுத்த பிறகும் நகரும் ரீப்பர்களின் பின்முனை பெஞ்சின் முன்சட்டத்தின்மேல் குறைந்தது 10 செ.மீ. கிடக்க வேண்டும். அந்தப் பின்முனைகளை அடியில் ஒரு குறுக்குக் கட்டையால் இணைத்துவிடுங்கள். அது முன்சட்டத்தில் முட்டி நிற்பதால் சட்டம் கையோடு வந்துவிடாது, யாராவது முன்னோரத்தில் பொத்தென்று உட்கார்ந்தால் பின்முனை எழும்பவும் விடாது. ரீப்பருக்கு ரீப்பர் 3 மி.மீ. அளவு சந்து விடுங்கள். கச்சிதமாக வேண்டும் என்று ஒட்டி அடித்தால், மழை நாளில் மரம் ஊறியதும் சட்டம் நகராது. பக்கங்களை உப்புத்தாள் போட்டு மெழுகு தேய்த்தால் ஒற்றைக் கையால் இழுக்கலாம். விரித்த பிறகு ஒரு ரீப்பர் அகலத்துக்கு இடைவெளி இருக்கும் என்பதால் அகலமான ரீப்பர் வேண்டாம். 5 முதல் 7 செ.மீ. சரியாக இருக்கும். வண்டி சரிவில் நிற்கும் இரவுகளுக்காக ஒரு சின்னத் தாழ்ப்பாளும் போடுங்கள். இல்லையென்றால் நடுராத்திரி புரண்டு படுக்கும்போது சட்டம் மெல்ல உள்ளே நழுவும்.

குறை இல்லாமல் இல்லை. எதிரெதிரே உட்காரும் வசதி போய்விடும். பெஞ்சுக்கு அடியில் இருக்கும் சாமானை மேலிருந்து எடுக்க முடியாது, முன்பக்கமோ பக்கவாட்டிலோ கதவு வைக்க வேண்டும். இன்னொன்று முக்கியம். இப்படி ப்ளைவுட்டில் செய்த பெஞ்சில் சீட் பெல்ட்டை மாட்டி ஓடும் வண்டியில் ஆளை உட்கார வைக்கக் கூடாது. மோதல் ஒன்று வந்தால் ஸ்க்ரூ பிடுங்கிக்கொண்டு பெஞ்சோடு ஆளும் போவார்.

ஓடும்போது பின்னால் ஆள் உட்கார வேண்டும் என்றால்தான் ‘ராக் அண்ட் ரோல்’ படுக்கைக்கு அர்த்தம். இரும்புச் சட்டத்தில் சீட் மாதிரியே இருக்கும். பிடியை விடுவித்து இருக்கையை முன்னால் இழுத்துத் தூக்கினால், முதுகுப் பகுதி பின்னால் சாய்ந்து தட்டையாகும். சோதித்துச் சான்று பெற்ற சட்டங்களில் பெல்ட்டும் சேர்ந்தே வரும். ஐரோப்பாவில் எம்1 (பயணிகள் கார் வகை வண்டி) சோதனை என்று சொல்லி விற்பார்கள். எத்தனை அசைவில் விரிகிறது என்று மட்டும் பார்த்தால் இதை அடிக்க ஆள் இல்லை.

அப்புறம் ஏன் எல்லாரும் இதையே வைப்பதில்லை? கனமும் விலையும் முதல் காரணம். விளம்பரத்தில் சொல்லாத காரணம் ஒன்று உண்டு. சாயும் முதுகு, சீட்டுக்குப் பின்னாலுள்ள மேடையின் உயரத்தில் வந்து நிற்கும். தலையோ காலோ அந்த மேடையில்தான் இருக்கப்போகிறது. பகலில் அந்த மேடைமேல் என்ன இருக்கும்? மொத்த மூட்டையும் அங்கேதான் இருக்கும். ஆக ஒரே இழுப்பில் விரியும் படுக்கைக்கு முன்னால் கால் மணி நேரம் மூட்டை தூக்கும் வேலை. தலைசாய்ப்பான்களையும் கழற்றி எங்காவது வைக்க வேண்டும். சீட்டுக்குப் போடும் நுரை உட்காருவதற்கானது, கெட்டியாக இருக்கும். இருக்கை முடிந்து முதுகு தொடங்கும் இடத்தில் ஒரு மேடு பள்ளம் நிச்சயம். மேலே மெல்லிய மெத்தை ஒன்று விரிக்காமல் தூங்குகிறேன் என்பவர்களைப் பார்த்தால் எனக்குப் பொறாமையாகத்தான் இருக்கிறது.

நிரந்தரப் படுக்கை பற்றி நீட்டிப் பேச ஒன்றுமில்லை. படுக்கையை மடக்கவே வேண்டாம், சின்ன வண்டியில் பகலில் உட்காரவும் முடியாது. வெயிலிலும் மழையிலும் வெளியே நாற்காலி போட்டு உட்காரத் தயாரென்றால் எடுத்துக்கொள்ளலாம்.

இதுவரை பேசியது அடித்தளம். மேலே விரிப்பதுதான் பாதி வேலைக்கு மேல், அதில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள்.

குஷன்களையே மெத்தையாக்கும் முறையில் நாலைந்து துண்டுகளைச் சரியான வரிசையில் பொருத்த வேண்டும். எல்லாம் ஒரே தடிமனில் இருந்தால் பாதி பிரச்சினை தீர்ந்தது. முதுகுக் குஷன் மெலிதாக இருந்தாலோ, இருக்கைக் குஷனின் முன்னோரம் தொடைக்குத் தாங்கலாக மேடாக இருந்தாலோ, படுக்கையில் அது வரப்பாக உறுத்தும். அந்தக் குஷன்களைத் தலைகீழாகப் போட்டால் தட்டையான பக்கம் மேலே வரும். உறையின் அடியில் மார்க்கரால் எண் எழுதி வைத்தால் தினமும் புதிர் போட வேண்டாம். இணைப்பு இடுப்புக்கு நேரே வராதபடி அடுக்குவது முக்கியம். உடம்பின் பாரம் அதிகம் இறங்குவது இடுப்பில்தான், சந்தும் அங்கேதான் பிளக்கும். வெல்க்ரோவைவிட குஷனுக்கு அடியில் விரிக்கும் வழுக்காத ரப்பர் வலை எனக்கு ஒத்துவருகிறது. வெல்க்ரோ நாளடைவில் தூசும் முடியும் சேர்த்துக்கொண்டு பிடிக்காமல் போகிறது.

மூன்றாக மடியும் ஒரே மெத்தை இதற்கு நேரெதிர். இரண்டு மடிப்பை ஒன்றன்மேல் ஒன்று வைத்தால் இருக்கை, மூன்றாவதை நிமிர்த்தினால் முதுகு. இரவில் அப்படியே பிரித்துவிட்டால் படுக்கை. துண்டு துண்டாகப் பொருத்தும் வேலையே இல்லை. இழுக்கும் சட்டத்துக்கு நன்றாகப் பொருந்தும். ஆனால் உட்காரும் கெட்டித்தன்மையும் தூங்கும் மென்மையும் ஒரே நுரையில் கிடைக்காது. கெட்டி நுரையில் அதைச் செய்து, மேலே 4 அல்லது 5 செ.மீ. மென்மையான மெத்தை விரிப்பதுதான் நடைமுறைக்கு உகந்தது.

அந்த மேல்மெத்தையில்தான் நேரத்தை மிச்சப்படுத்தும் வழி இருக்கிறது. சுவர் மூன்று பக்கமும் நெருக்கும் படுக்கையில் பெட்ஷீட் செருகுவது இருக்கிறதே, அதன் மேலேயே மண்டியிட்டுக்கொண்டு, நம் எடை அழுத்தும் மெத்தையின் மூலையைத் தூக்கி, தலை கூரையில் இடிக்க... வேண்டாம். பெட்ஷீட்டை மேல்மெத்தைக்கு உறையாகத் தைத்துப் போட்டுவிடுங்கள். போர்வையை அதன் கால்பக்கம் நாலு பட்டனால் மாட்டுங்கள். காலையில் மெத்தை, ஷீட், போர்வை மூன்றையும் சேர்த்தே சுருட்டி, ஒரு பட்டையால் கட்டி, பெஞ்சின் சுவரோரம் போட்டால் பகலில் அதுவே சாய்ந்துகொள்ளும் திண்டு. இரவில் பட்டையை அவிழ்த்து உருட்டினால் படுக்கை. இருவருக்கு இரண்டு தனிச் சுருளாக வைப்பது இன்னும் நல்லது. ஒருவர் தூங்கும்போது மற்றவர் தன் பாதியைச் சுருட்டிவிட்டு உட்கார்ந்து காபி குடிக்கலாம்.

சுருட்டுமுன் அடியில் கை வைத்துப் பாருங்கள். ராத்திரி முழுக்க விடும் மூச்சின் ஈரமும் வியர்வையும் குளிர்ந்த பலகையில் தண்ணீராகப் படியும். ரீப்பர் தளத்தில் அது தானே காய்ந்துவிடும். முழுப் பலகையில் காயாது, சில வாரங்களில் மெத்தையின் அடியில் கரும்புள்ளி பூஞ்சை தெரியும். மேசைப் படுக்கை வைத்திருப்பவர்கள் பெஞ்சுப் பலகையில் வரிசையாக 3 செ.மீ. துளைகள் போட்டு, காலையில் குஷன்களைக் கொஞ்ச நேரம் நிமிர்த்தி வைக்க வேண்டும். இதுவும் இழுக்கும் சட்டத்துக்குக் கூடுதல் மதிப்பெண்தான்.

என் தேர்வு இதுதான். இரண்டு பேர், வண்டி ஓடும்போது இருவரும் முன்னால்: இழுக்கும் சட்டம், மூன்று மடிப்பு மெத்தை, ஆளுக்கொரு மேல்மெத்தைச் சுருள். பின்னால் குழந்தைகள் பெல்ட் போட்டு உட்கார வேண்டுமென்றால் சான்று பெற்ற ராக் அண்ட் ரோல். ஆனால் வாங்குமுன் பின்மேடை மூட்டைகளுக்கு வேறிடம் முடிவு செய்துவிடுங்கள். முடியாதென்றால் அந்த விலைக்குப் பயனில்லை. மேசையில் உட்கார்ந்து வேலை பார்ப்பவர்களும் நாலு பேர் குடும்பமும் மேசைப் படுக்கையை விட மாட்டார்கள், விடவும் வேண்டாம். அவர்கள் முதலில் மேல்மெத்தைச் சுருளைச் செய்துகொள்ளட்டும், அதற்குத் தையல் கூலியும் ஒரு மேல்மெத்தையும்தான் செலவு. அதன்பிறகும் மேசைக் கால் மட்டும் தொல்லை கொடுத்தால் இறங்கும் காலுக்குப் பணம் போடலாம்.