ஊருக்குப் பஸ் உண்டா: சென்சஸ் கையேடா, சாலைத் திட்டப் பட்டியலா?

ஒரு கிராமத்தின் ஆள்தொகையையும் போக்குவரத்தையும் பார்க்கப் பலரும் முதலில் புரட்டுவது 2011 சென்சஸின் மாவட்டக் கையேடு. அதன் அலகு வருவாய்க் கிராமம், அதாவது தாய்க்கிராமமும் அதைச் சேர்ந்த குக்கிராமங்களும் சேர்ந்த ஒரே கணக்கு. வீடுகள், ஆண், பெண், 0-6 வயதுக் குழந்தைகள், எழுத்தறிவு எல்லாம் கிடைக்கும். பஸ், ரயில் நிலையம் ஊரிலேயே இல்லையென்றால் தூரம் ஓர் எழுத்தாக இருக்கும்: ‘ஏ’ 5 கி.மீ.க்குள், ‘பி’ 5-10, ‘சி’ அதற்கு மேல்.

சிக்கல் ‘உண்டு’ என்ற பதிவில்தான். தாய்க்கிராமத்தில் பஸ் நின்றால் போதும், நான்கு கி.மீ. தள்ளியிருக்கும் காலனிக்கும் அதே ‘உண்டு’. நாளைக்கு ஒரு நடையா, இருபது நடையா என்பதும் தெரியாது. காலை எட்டு மணி பஸ்ஸை விட்டால் மாலைதான் என்ற ஊரும் ‘உண்டு’ ஊர்தான்.

பிரதமர் கிராமச் சாலைத் திட்டப் பட்டியல் குடியிருப்பு வாரியானது. குக்கிராமமும் தனி வரியில் வரும். சாலை பெறக் குறைந்தது சமவெளியில் 500 பேர், மலைப்பகுதியில் 250 பேர் என்பது 2000இல் தொடங்கிய திட்டத்தின் அடிப்படை வரம்பு. எல்லாப் பருவச் சாலை (மழைக்காலத்திலும் போகக்கூடியது) 500 மீட்டருக்குள் (மலையில் 1.5 கி.மீ.) இருந்தால் இணைந்த ஊர் என்று கணக்கு. ஆனால் அது சாலையை மட்டுமே சொல்லும், பஸ்ஸை அல்ல.

தலைக்கணக்குக்குக் கையேடு, சாலை கேட்டு மனு எழுதப் பட்டியல். பஸ்ஸுக்கு இரண்டும் உதவாது, பணிமனையில் நடை நேர அட்டவணையைக் கேட்டு வாங்குங்கள்.