மூணாறு மலையோரத்துப் பனிக்காலம்: சைக்கிளா, நடையா?

மார்கழி பிறந்ததும் போடி, கம்பம், மூணாறு பக்கத்தில் இரண்டு கட்சிகள் உருவாகிவிடும். விடியும் முன்னே சைக்கிளை எடுத்துக்கொண்டு போடிமெட்டு ஏறுகிறவர்கள் ஒரு கட்சி. மலைக்கு வந்தால் காலால்தான் போகணும் என்கிறவர்கள் இன்னொரு கட்சி. போர்வைக் கட்சி என்று மூன்றாவது ஒன்றும் உண்டு, பெரும்பான்மையும் அவர்களுக்குத்தான். அவர்களைத் தூங்கவிட்டு மற்ற இருவரையும் பார்ப்போம்.

இப்படி ஒப்பிடும்போது எத்தனை கலோரி கரையும், எவ்வளவு செலவாகும் என்று ஆரம்பிப்பது வழக்கம். இந்த மலையில் முதலில் பார்க்க வேண்டியது குளிர் யாரை எங்கே பிடிக்கிறது என்பதை. சைக்கிள்காரரை அது இறக்கத்தில் பிடிக்கும், நடப்பவரை அவர் நிற்கும் இடத்தில் பிடிக்கும். எந்தச் சட்டை போடுவது, எந்த வழியில் போவது, எத்தனை மணிக்குக் கிளம்புவது எல்லாமே இதை வைத்துத்தான்.

சைக்கிளை முதலில் எடுத்துக்கொள்வோம். போடியிலிருந்து மெட்டுக்கு ஏறினால் உயரம் சுமார் ஆயிரம் மீட்டர் கூடும். ஆயிரம் மீட்டருக்கு ஆறேழு டிகிரி குறையும் என்பது பொதுக் கணக்கு. ஏறும்போது அது உறைக்காது. முந்தலைத் தாண்டி வளைவுகள் தொடங்கியதும் உடம்பு அடுப்பு மாதிரி கொதிக்கும், ஸ்வெட்டரைக் கழற்றி இடுப்பில் கட்டிக்கொள்வார்கள். மெட்டில் ஒரு கட்டன் சாயா, ஒரு பழம்பொரி. அப்புறம் இறக்கம். நனைந்த பனியனோடு நாற்பது கிலோமீட்டர் வேகத்தில் இறங்குகிறவருக்கு, காற்று வீசாத நாளில்கூட முகத்தில் காற்று அறையும். காற்றுக்குளிர்க் கணக்கின்படி 10 டிகிரி வெயிலற்ற காலையில் அந்த வேகத்தில் போனால் தோலுக்கு அது 6 டிகிரி போல இருக்கும். 5 டிகிரி என்றால் பூஜ்ஜியத்துக்குச் சற்றுக் கீழே. இது காய்ந்த உடம்புக்கான கணக்கு, ஈரத்தோடு போனால் இன்னும் மோசம்.

முதலில் விறைப்பது விரல்கள். விரல் விறைத்தால் பிரேக் சரியாகப் பிடிபடாது, கொண்டை ஊசி வளைவில் அது விளையாட்டில்லை. ஆகவே பனிக்காலச் சைக்கிளுக்கு விலை உயர்ந்த சட்டையைவிட நல்ல கையுறை முக்கியம். ஐரோப்பிய மலைப் பந்தயங்களில் பழைய வீரர்கள் உச்சியில் ஒரு செய்தித்தாளை வாங்கி நெஞ்சுக்கும் சட்டைக்கும் நடுவில் செருகிக்கொண்டு இறங்குவார்கள். மெட்டுக் கடையில் கிடக்கும் நேற்றைய தினத்தந்தியும் அதே வேலையைச் செய்யும்.

நடப்பவருக்குக் கதை வேறு. அவர் வேகம் குறைவு, காற்றை அவர் உண்டாக்குவதில்லை. நடக்கும் வரை ஒரு மெல்லிய சட்டை போதும். ஆனால் உச்சியில் உட்கார்ந்து இட்லிப் பொட்டலத்தைப் பிரிக்கும் நேரத்தில் முதுகு வேர்வை ஜில்லென்று ஆகும். இதற்கு மருந்து சுலபம்: பையில் காய்ந்த பனியன் ஒன்று, மேலே போட ஒரு ஜாக்கெட். நின்றதும் மாற்றிக்கொள்ள வேண்டும், குளிர்ந்த பிறகு மாற்றிப் பயனில்லை. பருத்தி பனியன் வேர்வையைக் குடித்துவிட்டுக் காய மறுக்கும், பாலியஸ்டர் சீக்கிரம் காயும். குளிரைச் சமாளிக்கும் விஷயத்தில் நடை கொஞ்சம் மன்னிக்கும் குணம் உள்ளது என்பேன்.

உறைபனி எங்கே விழும் என்பதிலும் பலருக்குத் தவறான எண்ணம் இருக்கிறது. உயரமான இடத்தில்தான் அதிகம் என்று நினைக்கிறார்கள். மேகமில்லாத இரவில் தரை சூட்டை இழக்கும், அதை ஒட்டிய காற்றும் குளிர்ந்து கனமாகிப் பள்ளத்துக்கு வழிந்து தேங்கும். அதனால்தான் மூணாறைச் சுற்றியுள்ள செண்டுவாரை, குண்டளை, சைலண்ட் வேலி எஸ்டேட் பக்கத்துப் புல்வெளிகள் வெள்ளையாகக் கிடக்கும்போது மேட்டில் இருக்கும் எஸ்டேட் லயத்து (தொழிலாளர் வரிசை வீட்டு) வாசல் காய்ந்து இருக்கும். 2019 ஜனவரியில் இந்தப் பகுதிகளில் வெப்பநிலை பூஜ்ஜியத்துக்குக் கீழே போய்த் தேயிலைச் செடிகள் கருகின. மூணாறிலிருந்து மாட்டுப்பட்டி, குண்டளை வழியாக டாப் ஸ்டேஷன் போகும் 32 கிலோமீட்டர் ரோட்டில் சைக்கிள் ஓட்டினால் இந்த வித்தியாசம் முகத்திலேயே தெரியும், ஒவ்வொரு பள்ளத்திலும் ஐஸ் பெட்டியைத் திறந்த மாதிரி. சூரியன் பள்ளத்துக்குள் வந்த பிறகு கிளம்புவது உத்தமம். பனி படர்ந்த புல்லைப் பார்க்க வேண்டும் என்றால் அந்த விடியலுக்கு நடையே சரி.

அந்த ரோடு சைக்கிளுக்கு ஏன் இவ்வளவு ஒத்துவருகிறது என்பதற்குப் பின்னால் ஒரு பழைய சங்கதி இருக்கிறது. ஒரு காலத்தில் ரயில் போன பள்ளத்தாக்கு அது. 1902-ல் மாடு இழுக்கும் ஒற்றைத் தண்டவாள வண்டி, 1908-ல் குறுகிய ரயில் பாதை. மூணாறுத் தேயிலை டாப் ஸ்டேஷன் வரை ரயிலில் வந்து, அங்கிருந்து ரோப்வேயில் கொட்டகுடிக்கு இறங்கி, போடிக்குப் போகும். 1924 வெள்ளம் ரயில் பாதையை அடித்துக்கொண்டு போனது, திரும்பக் கட்டவில்லை. ரயில் போன பள்ளத்தாக்கில் நெஞ்சைப் பிளக்கும் ஏற்றம் அதிகம் இருக்காது, புதிதாக மலை ஏறும் சைக்கிள்காரருக்கு இதைவிட நல்ல ரோடு இந்தப் பக்கம் கிடையாது.

அதே வரலாற்றின் இன்னொரு பாதி நடப்பவருக்குச் சொந்தம். டாப் ஸ்டேஷனிலிருந்து சென்ட்ரல் ஸ்டேஷன் என்ற மலைக் குடியிருப்பு, குரங்கணி வழியாகக் கீழே இறங்கும் ஒற்றையடிப் பாதையில் சைக்கிளுக்கு வேலையில்லை. மேலே சோலைக் காடு, கீழே வரவர வறண்ட காடு, காலுக்கடியில் தேனிச் சமவெளி. ரோட்டில் எத்தனை முறை போனாலும் இது தெரியவராது. நடை ஜெயிக்கும் இடம் இதுதான், இதில் எனக்குத் தயக்கமே இல்லை.

ஆனால் நினைத்தவுடன் போக முடியாது. 2018 மார்ச் 11 அன்று குரங்கணி மலையில் காட்டுத்தீயில் சிக்கி மலையேறப் போனவர்கள் இருபது பேருக்கு மேல் இறந்தார்கள். அதன் பிறகு தமிழ்நாட்டுக் காடுகளில் மலையேற்ற விதிகள் இறுகின. 2024 அக்டோபரில் அரசு தொடங்கிய டிரெக் தமிழ்நாடு திட்டத்தின் 40 பாதைகளில் குரங்கணி–சாம்பலாறு ஒன்று. முன்பதிவு செய்து வழிகாட்டியோடு போகலாம். கேரளப் பக்கம் 2,640 மீட்டர் மீசப்புலிமலைக்குக் கேரள வன வளர்ச்சிக் கழகம் அழைத்துப் போகிறது. பிப்ரவரி பாதியைத் தாண்டினால் புல் காய்ந்து தீப்பிடிக்கும் காலம், பாதைகளை மூடத் தொடங்குவார்கள். பனிக்காலம்தான் நடைக்கு ஏற்றது என்பதற்குக் குளிர்ச்சி மட்டும் காரணமில்லை. மழை ஓய்ந்து அட்டை குறைந்திருக்கும், தீ இன்னும் தொடங்கியிருக்காது. அந்த இடைவெளி சின்னது.

சைக்கிளுக்கு அனுமதிச் சீட்டு வேண்டாம், அது பெரிய சௌகரியம். பதிலுக்கு வண்டிகளைச் சமாளிக்க வேண்டும். கார்த்திகை முதல் மகரவிளக்கு வரை கம்பம், குமுளி வழியெல்லாம் சபரிமலை வண்டிகள். கூட்டம் மிஞ்சும்போது கம்பம்மெட்டு வழியாக ஏறி, குமுளி வழியாக இறங்கும்படி ஒருவழியாக்கிவிடுவார்கள். இரவெல்லாம் ஓட்டி வந்த டிரைவர், விடியற்காலை மூடுபனி, பின்விளக்கு இல்லாத சைக்கிள் – இந்த மூன்றும் ஒரே வளைவில் சந்திக்கக் கூடாது. அந்த மாதங்களில் குமுளி, கம்பம்மெட்டு இரண்டையும் விட்டுவிட்டுப் போடிமெட்டுப் பக்கம் போவது நல்லது, சிவப்பு விளக்கு ஒன்று பகலிலும் எரியட்டும்.

இதில் ஒரு வேடிக்கை. பனிக்கால மலைநடை என்றால் ஏதோ புதுப் பழக்கம் போலப் பேசுகிறோம். விரதம் இருந்து, கறுப்பு வேட்டி கட்டி, வண்டிப்பெரியாறு பக்கம் சத்திரத்திலிருந்து புல்மேடு வழியாக வெறுங்காலோடு காட்டில் நடக்கும் ஆயிரக்கணக்கான சாமிமார்களை எந்தக் கணக்கில் வைப்பது?

யானை விஷயத்தில் இரண்டு கட்சிக்கும் ஒரே பயம்தான். சின்னக்கானலில் இருந்த அரிக்கொம்பன் என்ற காட்டு யானையை 2023-ல் பெரியாறு புலிகள் காப்பகத்துக்கு மாற்றினார்கள். அடுத்த மாதமே கம்பம் தெருவில் வந்து நின்றான். மூணாறில் படையப்பா என்ற யானையைத் தெரியாத குழந்தை இல்லை. நடப்பவர் மெதுவாகப் போவதால் சாணியும் முறிந்த கிளையும் கண்ணில் படும், சூடான சாணி கண்டால் திரும்பிவிடலாம். சைக்கிள் சத்தமில்லாமல் வேகமாக வளைவில் திரும்பும், திரும்பிய பிறகுதான் தெரியும். மூடுபனியில் சின்னக்கானல், சூரியநெல்லி ரோட்டில் விடியும் முன் சைக்கிள் வேண்டவே வேண்டாம்.

முட்டிக்கு வருவோம். ஏற்றம் நெஞ்சுக்கு, இறக்கம் முட்டிக்கு என்று எஸ்டேட்டில் வேலை செய்த பெரியவர்கள் சொல்வார்கள். குரங்கணி இறக்கத்தில் ஐம்பது வயதுக்காரரின் முட்டி இரண்டு நாள் பேசும். சைக்கிளில் அந்த அடி இல்லை. முட்டி வலி உள்ளவருக்குச் சைக்கிள்தான், அதில் விவாதமே கிடையாது.

இப்போது கடைகளில் தடித்த டயர் வைத்த ஃபேட் பைக்கைக் காட்டி "பனிக்கு இதுதான் சார்" என்கிறார்கள். அது பிறந்தது வேறு பனிக்கு. அலாஸ்காவில் 1987-ல் தொடங்கிய இடிட்டாபைக் போட்டியில் ஓட்டியவர்கள் சாதாரணச் சக்கரம் பனியில் புதைவதால் இரண்டு ரிம்களை ஒட்டவைத்து அகலமாக்கினார்கள். இன்றைய ஃபேட் பைக் டயர் நாலு அங்குலத்தை ஒட்டியோ அதற்கு மேலோ இருக்கும், பனியில் டயரின் காற்றழுத்தத்தைப் பத்து பி.எஸ்.ஐ.க்கும் கீழே இறக்கி ஓட்டுவார்கள். டயர் சப்பையாகிப் பரந்து நிற்கும், புதையாது. தடம் ஒரு அங்குலத்துக்கு மேல் ஆழமாக விழுந்தால் இறங்கித் தள்ள வேண்டும் என்பது அங்கே மரியாதை, நடப்பவர்களின் பாதை கெடக் கூடாது. நம் மலையில் விழுவது புல் மேல் படரும் உறைபனி, வெயில் வந்தால் அரை மணியில் காணாமல் போகும். அதற்கு இருபது கிலோவைத் தொடும் வண்டியைப் போடிமெட்டுக்கு மிதிப்பது தண்டனை. கியர் உள்ள சாதாரணச் சைக்கிள், டிஸ்க் பிரேக், இரண்டு அங்குலத்துக்குக் குறைந்த டயர் போதும்.

நிஜப் பனியில் கால் வைக்க ஆசை என்றால் வடக்கே போக வேண்டும். உத்தராகண்டில் கேதார்காந்தா சுமார் 3,800 மீட்டர், டிசம்பரிலிருந்து பனியில் ஏறுகிறார்கள். அங்கேயும் முதல் தடவைக்கு நடையே நல்லது. ஷூவுக்கு அடியில் மாட்டும் முள்பட்டையும் வழிகாட்டியும் அங்கேயே கிடைக்கும், சைக்கிளை ரயிலில் ஏற்றும் தொல்லையும் இல்லை.

என் பரிந்துரை இப்படி. சமவெளியில், போடி, கம்பம், தேனியில் இருந்துகொண்டு வாரம் இரண்டு மூன்று நாள் உடம்பை அசைக்க வேண்டும் என்பவர் சைக்கிள் வாங்கட்டும்; வீட்டு வாசலிலிருந்தே மலை தொடங்குகிறது, யாரையும் கேட்க வேண்டாம். மூணாறு, தேவிகுளம் பக்கம் குடியிருப்பவருக்கு நடைதான், விடியற்காலை இறக்கத்தில் விரல் விறைப்பதைவிட எஸ்டேட் ரோட்டில் மப்ளர் சுற்றிக்கொண்டு நடப்பது மேல். வருஷத்துக்கு ஒருமுறை வெளியூரிலிருந்து வருபவர் காட்டுப் பாதைக்கு முன்பதிவு செய்துவிட்டு வரட்டும். இரண்டுக்கும் ஆசைப்படுபவர் தை பிறக்கும்வரை பொறுப்பது நல்லது. மகரவிளக்கு முடிந்து வண்டிகள் ஓய்ந்திருக்கும், காட்டுப் பாதைகள் மூட இன்னும் ஒரு மாதம் இருக்கும்.