சர்க்கரை நோய் கால் பராமரிப்பு: நர்ஸ்களுக்கான பயிற்சி விளையாட்டுகள், சில வருட அனுபவம்

எங்கள் மருத்துவமனையில் நர்ஸ்களுக்குக் கால் பராமரிப்பு வகுப்பை நான்தான் எடுக்கிறேன். சில வருடங்களாகப் பாடத்தைக் குறைத்து, விளையாட்டுகளைக் கூட்டியிருக்கிறோம்.

கைபேசி வினாடி வினாவில் வகுப்பு கலகலப்பாகும். புண் எவ்வளவு தீவிரம் என்று பிரித்துச் சொல்லும் வாக்னர் நிலைகள், 0 முதல் 5 வரை, ஒரே மதியத்தில் மனதில் பதிந்துவிடும். ஆனால் முந்திச் சொல்பவருக்கே அதிகப் புள்ளி. விரல் இடுக்கையும் கால் ஆணிக்கு அடியில் இருக்கும் கசிவையும் அவசரத்தில் பார்க்க முடியாது. அதனால் இப்போது நேரக் கணக்கை எடுத்துவிட்டோம்.

நாங்களே தமிழில் எழுதிய சீட்டு விளையாட்டுதான் எனக்கு மிகவும் பிடித்தது. ஒரு சீட்டில் ஒரு நோயாளி: கொத்தனார், பாதத்தில் உணர்ச்சி குறைவு, ரத்த ஓட்டம் சரி, கால் வடிவமும் சரி. குழு கூடிப் பேசி ஆபத்துப் பிரிவை, அதாவது காலில் புண் வரும் வாய்ப்பு எவ்வளவு என்பதைச் சொல்ல வேண்டும். பிரிவு 1, 6 முதல் 12 மாதத்துக்குள் மறுபடி பார்க்கலாம். அடுத்த சீட்டில் அதே நோயாளிக்கு, 'போன வருடம் இதே காலில் புண் வந்து ஆறியது' என்று வரும். உடனே பிரிவு 3, 1 முதல் 3 மாதத்துக்குள் வரவேண்டும். இந்தத் தாவலுக்குத்தான் பெரிய வாக்குவாதமே நடக்கும். இன்னொரு சீட்டில் சித்திரை வெயிலில் கோயில் பிரகாரம் சுற்றியவர். பாதமெல்லாம் கொப்புளம், வலியே இல்லை. 'போகாதீங்க' என்றால் கேட்கமாட்டார். கல் சுடாத அதிகாலையில் போகச் சொல்லலாம் என்று சிஸ்டர்களே வழி கண்டுபிடிப்பார்கள்.

மூன்றாவது, 10 கிராம் மோனோஃபிலமென்ட் விளையாட்டு. பாதத்தில் உணர்ச்சி இருக்கிறதா என்று பார்க்கும் நைலான் இழை இது, 10 கிராம் அழுத்தத்தில் வளையும். ஒருவர் கண்ணை மூடிப் படுப்பார், ஒருவர் இழை வளையும் வரை அழுத்துவார், மூன்றாமவர் கவனிப்பார். ஒவ்வோர் இடத்திலும் இரண்டு முறை தொட்டு, ஒரு முறை தொடாமலே கேட்க வேண்டும். தொடும்போது மட்டும் 'படுதா ஐயா?' என்று கேட்டால், மரத்துப்போன காலுக்கும் 'ஆமாம்' என்றே பதில் வரும். இந்தப் பழக்கம் விட்டுப்போனது இந்த விளையாட்டால்தான்.

சூடாக வீங்கிய காலைத் தொட்டு உணர்வதையும் புண்ணின் வாடையையும் எந்த விளையாட்டும் தராது. அதற்கு டிரெஸ்ஸிங் அறையில் நின்றே ஆகவேண்டும்.

தொடங்க நினைப்பவர்கள் மோனோஃபிலமென்ட் நாலைந்து வாங்கி வையுங்கள். ஒரே இழையைப் பத்துப் பேருக்கு மேல் தொடர்ந்து பயன்படுத்தினால் தளர்ந்துவிடும். அப்புறம் 24 மணி நேரம் ஓய்வு கொடுக்கவேண்டும்.