கெய்ரோவில் ஒரே ஒரு பகல்: எந்த டூரை எடுக்கலாம்?

கெய்ரோவில் ஹோட்டல் வரவேற்பறை மேசையில் டூர் நோட்டீஸ்களை அடுக்கி வைத்திருப்பார்கள். எல்லாவற்றிலும் அதே பிரமிடு, அதே ஒட்டகம். கைடு, ஏசி வண்டி, மதியச் சாப்பாடு எல்லாம் சேர்த்து என்றுதான் எல்லோரும் போடுவார்கள். உள்ளே படித்தால்தான் இந்த டூர்கள் மூன்று வகை என்று தெரியும். முதலாவது, கீசா பிரமிடுகளும் புதிதாகத் திறந்த பெரிய எகிப்திய அருங்காட்சியகமும். இரண்டாவது, கீசாவும் தஹ்ரீர் சதுக்கத்துப் பழைய மியூசியமும். மூன்றாவது கீசா பக்கமே போகாது; தெற்கே சக்காரா, மெம்பிஸ், தஹ்ஷூர் என்று போகும்.

ஒரே வாரத்தில் மூன்றையும் பார்த்துவிட்டோம். கூட வந்தது அம்மா. வயது 68, வலது முழங்காலில் வலி. அதனால் இந்த ஒப்பீட்டில் வரலாற்றுக்கு எவ்வளவு இடமோ, படிக்கட்டுக்கும் அவ்வளவு இடம் உண்டு.

கீசா முதல் இரண்டு டூரிலும் பொது என்பதால் அதை முதலில் முடித்துவிடுகிறேன். இங்கே பெரியதான குஃபு மன்னனின் பிரமிடு கட்டியபோது சுமார் 146 மீட்டர். உச்சிக் கற்களையும் மேல்பூச்சுக் கற்களையும் இழந்து இப்போது 138 மீட்டர் இருக்கிறது. ஏறத்தாழ 23 லட்சம் கற்கள் என்று கணக்கு சொல்கிறார்கள். பக்கத்தில் காஃப்ரேயின் பிரமிடுதான் உயரம் என்று அம்மா அடித்துச் சொன்னார். பார்க்க அப்படித்தான் இருக்கும். அது மேட்டில் நிற்கிறது, உச்சியில் பழைய மேல்பூச்சும் மிச்சம் இருக்கிறது. எத்தனை போட்டோ பார்த்துவிட்டுப் போனாலும், அடிவரிசைக் கல் நம் நெஞ்சளவு நிற்கும்போது ஒரு நிமிடம் வாயடைத்துத்தான் போகும்.

ஆனால் குஃபு பிரமிடுக்குள் போகத் தனி டிக்கெட் வாங்க வேண்டுமா என்றால், நான் வேண்டாம் என்பேன். குனிந்துகொண்டே ஏற வேண்டிய நெருக்கமான பாதை. அதற்கு மேல் பெரிய சரிவுக்கூடம். அது மட்டும் அருமை. கடைசியில் அஸ்வான் சிவப்பு கிரானைட்டில் கட்டிய அறை, அதற்குள் மூலை உடைந்த, மூடியில்லாத ஒரு கல்பெட்டி. சுவரில் ஓர் எழுத்து கிடையாது, ஓர் ஓவியம் கிடையாது. முன்னால் போனவர் முதுகைப் பார்த்துக்கொண்டே ஏறி, வியர்வையில் நனைந்து இறங்கினேன். அம்மா வெளியே நிழலில் உட்கார்ந்து பூனைகளை வேடிக்கை பார்த்தார். அவர்தான் புத்திசாலி.

சரி, மியூசியத்துக்கு வருவோம். புதியது கீசாவிலிருந்து இரண்டு கிலோமீட்டர்தான். 2002இல் அடிக்கல் நாட்டி, 2025 நவம்பரில்தான் முழுதாகத் திறந்தார்கள். நுழைந்ததும் மன்னன் இரண்டாம் ராம்செஸின் சிலை, 11 மீட்டர் உயரம், 83 டன். இது பல பத்தாண்டுகள் கெய்ரோ ரயில் நிலையத்துக்கு எதிரே பஸ் புகையில் நின்ற சிலை. 2006இல் அங்கிருந்து பெயர்த்தார்கள். பக்கத்தில் எஸ்கலேட்டர் இருப்பதால் மாபெரும் படிக்கட்டைப் பார்த்து முழங்கால் பயப்பட வேண்டியதில்லை. படிகளில் நிற்கும் சிலைகளைப் பார்த்துக்கொண்டே மேலே போய்ச் சேர்ந்தால், கண்ணாடிச் சுவருக்கு அப்பால் பிரமிடுகள் தெரியும். இந்த ஒரு காட்சிக்காகவே இந்த டூருக்குக் கூடுதல் மதிப்பெண்.

எல்லோரும் தேடி வருவது சிறுவயது மன்னன் துட்டன்காமுன். 1922இல் ஆங்கிலேயத் தொல்லியலாளர் ஹாவர்ட் கார்ட்டர் கண்டெடுத்த கல்லறைப் பொருட்கள் 5,000க்கும் மேல். முன்பு ஒரு பகுதியைத்தான் பார்க்க முடிந்தது, இப்போது கிட்டத்தட்ட எல்லாம் ஒரே கூரையின் கீழ். தங்க முகமூடியின் முன்னால் திருவிழாக் கூட்டம்தான். ஆனால் என் கால் நின்றது அவனுடைய செருப்புகள் முன்னால். ஒரு ஜோடியில் கைகள் கட்டப்பட்ட எதிரிகளை உள்ளங்காலுக்கு அடியில் வரைந்திருக்கிறார்கள். நடக்கும் ஒவ்வோர் அடியிலும் அவர்களை மிதிக்கலாம் என்று கணக்கு. பத்தொன்பது வயதுக்குள் செத்துப்போன பையன்.

குறை என்னவென்றால் பரப்பு. டூர்காரர்கள் இரண்டு மணி நேரம் ஒதுக்குகிறார்கள். குஃபுவின் 43 மீட்டர் மரப்படகு தனிக் கட்டடத்தில் இருக்கிறது, அதை எட்டிப் பார்க்கவே விடமாட்டார்கள். நான்கு மணி நேரம் தருவார்களா என்று முதலிலேயே கேட்டு, டிக்கெட்டையும் முன்கூட்டியே ஆன்லைனில் எடுத்துவிடச் சொல்லுங்கள்.

தஹ்ரீர் மியூசியம் 1902இல் திறந்த இளஞ்சிவப்புக் கட்டடம். மர அலமாரி, மேலிருந்து விழும் வெயில், சில இடங்களில் மங்கிப்போன பழைய தட்டச்சுச் சீட்டு. துட்டன்காமுன் கிளம்பிவிட்டதால் இது காலியாகிவிட்டது என்று எங்கள் டிரைவர் சொன்னார். அதை நம்ப வேண்டாம். எகிப்து ஒன்றுபட்ட கதையைச் சொல்லும் நார்மர் மன்னனின் கல்பலகை இங்கேதான். அவ்வளவு பெரிய பிரமிடு கட்டிய குஃபுவின் ஒரே முழு உருவச்சிலை இங்கேதான். தந்தத்தில், ஏழரை சென்டிமீட்டர், நம் சுண்டுவிரல் உயரம்! மாடியில் முதலாம் சூசென்னஸ் என்ற மன்னனின் தங்க முகமூடி. அது வெளிவந்தது 1940இல். உலகம் போரில் இருந்ததால் யாரும் பேசவில்லை. துட்டன்காமுன் முகமூடிக்கு முன் நாற்பது பேர் என்றால் இதற்கு முன் நான் மட்டும்.

இங்கே கைடு இல்லாமல் போனால் பாதி புரியாது, புது மியூசியத்தில் இல்லாமலே சமாளிக்கலாம். ஆனால் கீசாவோடு சேர்த்து இதை ஒரே நாளில் போட்டால் பாலத்திலும் சிக்னலிலும் பொழுது போய்விடும். கெய்ரோ டிராஃபிக் அப்படி. நகர மையத்தில் தங்குபவர்கள் தனியாக ஒரு அரை நாள் நடந்தே போய்விடலாம். இரண்டாவது டூரை நான் இதனால்தான் பட்டியலில் கடைசியில் வைக்கிறேன்.

மூன்றாவதற்கு நோட்டீஸில் கவர்ச்சி குறைவு, விஷயம் அதிகம். சக்காராவில் மன்னன் ஜோசரின் படிப்பிரமிடு. அவருடைய அமைச்சர் இம்ஹோதெப் வடிவமைத்தது, கி.மு. 27ஆம் நூற்றாண்டு. எகிப்தின் மற்ற எல்லாப் பிரமிடுக்கும் மூத்தது. அப்புறம் தஹ்ஷூரில் குஃபுவின் அப்பா ஸ்னெஃப்ருவுடைய வளைந்த பிரமிடு. பாதி கட்டிய பிறகு சாய்வைக் குறைத்தது அப்படியே கண்ணுக்குத் தெரிகிறது. அடுத்து அவரே கட்டிய சிவப்புப் பிரமிடு சரியாக வந்துவிட்டது. மகன் கீசாவில் ஜெயித்ததற்கு அப்பா இங்கே பழகிப் பார்த்திருக்கிறார்.

கீசாவில் கிடைக்காத எழுத்தும் இங்கே கிடைக்கிறது. சக்காராவில் மன்னன் உனாஸின் பிரமிடு வெளியே மண்மேடு மாதிரிதான் இருக்கும். உள்ளே கூரை முழுக்க நட்சத்திரம், சுவர் முழுக்க நீலம் தீட்டிய எழுத்து வரிசைகள். பிரமிடுக்குள் மந்திரங்களைச் செதுக்கத் தொடங்கியது இங்கேதான். கொஞ்சம் வடக்கே தீ என்ற அதிகாரியின் கல்லறை. ஒரு சுவரில் மாடுகள் ஆற்றைக் கடக்கின்றன. கன்றுக்கு நீந்தத் தெரியாது என்று இடையன் அதை முதுகில் சுமந்துபோகிறான். அது கழுத்தைத் திருப்பிப் பின்னால் வரும் தாயைப் பார்க்கிறது. 4,400 வருஷத்துக் கன்று. அம்மா அந்தச் சுவரை விட்டு நகர மறுத்தார். நடைபாதை மணலும் இறக்கமும் கொஞ்சம் படுத்தும், ஆனால் கூட்டம் குறைவு.

பெரியவர்கள், குழந்தைகளோடு முதல்முறை போகிறவர்கள் முதல் டூரைக் கண்ணை மூடிக்கொண்டு எடுக்கலாம். எனக்கு மறுபடி ஒரு நாள் கிடைத்தால் காலையில் சக்காரா, மதியத்துக்கு மேல் புது மியூசியம். கீசாவைக் கண்ணாடிச் சுவர் வழியாகப் பார்த்தால் போதும். “பிரமிடு கிட்ட போகாமலா வந்தாய்?” என்று சொந்தக்காரர்கள் கேட்பார்கள், அதை நீங்கள்தான் சமாளிக்க வேண்டும்.

எந்த டூராக இருந்தாலும் நடுவில் பாபிரஸ் என்ற கோரைத்தாள் விற்கும் கடை, அத்தர் கடை என்று இரண்டு நிறுத்தம் வரும். எங்கள் வண்டி ஒன்றே கால் மணி நேரத்தை அங்கே தின்றது. சில கடைகளில் பாபிரஸ் என்று விற்பது வாழைநார்த்தாள். கடை நிறுத்தம் வேண்டாம் என்று புக் பண்ணும்போதே எழுத்தில் வாங்கிவிடுங்கள்.

மூன்று டூரிலும் இல்லாத ஒன்று, அரச மம்மிகள். 2021 ஏப்ரலில் 22 மம்மிகளையும் தஹ்ரீரிலிருந்து ஊர்வலமாக ஃபுஸ்தாத்தில் உள்ள நாகரிக அருங்காட்சியகத்துக்குக் கொண்டுபோய்விட்டார்கள். இரவு விமானம் என்பதால் கடைசி நாள் அங்கே போனோம். இரண்டாம் ராம்செஸின் மூக்குக்குள் மிளகு வைத்துப் பதப்படுத்தியிருந்தார்கள், அந்தக் காலத்தில் மிளகு விளைந்தது நம் தென்னிந்தியப் பக்கம்தான் என்று அம்மாவிடம் மெதுவாகச் சொன்னேன். அம்மா கண்ணாடிப் பெட்டிக்குள் கொஞ்ச நேரம் பார்த்தார்.

“மூவாயிரம் வருஷத்துக்கு முன்னாடியேவா? யாருடா இவ்வளவு தூரம் தூக்கிட்டு வந்தது?”