'சாலிட் பிராஸ்' என்று வந்த முலாம் கீல்: உளி வைக்கும் முன் சோதித்துவிடுங்கள்

நகைப்பெட்டி அளவில் மரப்பெட்டி செய்பவர்கள் ஆன்லைனில் சின்னக் கீல் வாங்குவதாக இருந்தால் இதைப் படித்துவிட்டு வாங்குங்கள். 'சாலிட் பிராஸ்' என்று போட்டு விற்ற 25 மி.மீ. கீல்கள் எங்களுக்கு வந்தன. அத்தனையும் இரும்புத் தகட்டில் பித்தளை முலாம். திருப்பி எடுக்கச் சொன்னால், "ஸ்க்ரூ ஓட்டையில் கீறல் இருக்கிறது, பொருத்திப் பார்த்த பொருளை எடுக்க மாட்டோம்" என்று பதில். சின்னக் கீல் விஷயத்தில் இதுதான் பெரிய சிக்கல். மரத்தில் கீல் பதியும் பள்ளம் அந்தக் கீலின் அளவுக்கே வெட்டப்படுகிறது. வெட்டிய பிறகு கீலை மாற்றினால் பெட்டியும் வீண்.

முதலில் காந்தம். கீலின் நடு உருளையில் வைக்காதீர்கள். நல்ல பித்தளைக் கீலிலும் உள்ளே ஓடும் கம்பி இரும்பாக இருப்பதுண்டு. தகட்டின் மூலையில் வைத்துப் பாருங்கள். அங்கே ஒட்டினால் இரும்பு, சந்தேகமே வேண்டாம். ஒட்டாவிட்டாலும் அதோடு விடக் கூடாது, துத்தநாகக் கலவை வார்ப்பும் காந்தத்தில் ஒட்டாது. மரத்துக்குள் மறையும் பக்கத்தில் நுண்ணரத்தால் இரண்டு இழுப்பு இழுங்கள். உள்ளேயும் மஞ்சளாக இருந்தால் பித்தளை. வெள்ளையாகவோ சாம்பலாகவோ தெரிந்தால் முலாம். கூட வரும் ஸ்க்ரூக்களையும் இதேபோல் பார்க்கவும். முலாம் தேய்ந்த இடத்தில் துரு ஏறும். டானின் என்ற துவர்ப்புப் பொருள் அதிகமுள்ள மரத்தில் ஈரமும் இரும்பும் சேர்ந்தால் கருப்புக் கறை விழும், பாலிஷ் போட்டும் மறைக்க முடியாது.

அடுத்தது அளவு. இதில்தான் மட்டமான கீல் அதிகம் கெடுக்கிறது. வெர்னியர் என்ற நுண் அளவுக் கருவியை வைத்து ஒவ்வொரு கீலின் உருளை விட்டத்தையும் அளந்து பாருங்கள். பள்ளத்தின் ஆழம் உருளை விட்டத்தில் பாதி. உருளை 3 மி.மீ. என்றால் பெட்டியில் 1.5, மூடியில் 1.5. ஒரு கீல் 3 மி.மீ., மற்றது 3.5 என்று வந்தால், கோடு போடும் கேஜில் ஒரே அளவு வைத்து வெட்டிய மூடி ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நிற்கும். பள்ளம் அளவுக்கு மேல் ஆழமானால் பின்விளிம்பு மரங்கள் முதலில் முட்டி, முன்பக்கம் வாய் பிளக்கும். ஆழம் குறைந்தால் பின்னால் இடைவெளி தெரியும். இரண்டு தகட்டையும் பிடித்துப் பக்கவாட்டில் அசைத்தும் பாருங்கள். தகட்டைச் சும்மா மடித்துச் செய்த உருளையில் கம்பி தளர்ந்து ஆடும், மூடியும் கூடவே ஆடும். தகட்டில் ஸ்க்ரூ தலை உட்காரும் குழி போதவில்லை என்றால் தலை மேலே துருத்தி, எதிர்த் தகட்டில் இடிக்கும். அதையும் பள்ளத்தின் குறை என்று நினைத்து மரத்தையே மேலும் செதுக்குபவர்கள் உண்டு.

பாக்கெட்டில் வரும் ஸ்க்ரூவின் நீளத்தை நம்பவே வேண்டாம். எங்களுக்கு வந்தவை 12 மி.மீ. மூடிப் பலகை 10 மி.மீ., பள்ளம் 1.5, தகடு 1 மி.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். பள்ளத்தின் அடியிலிருந்து 11 மி.மீ. மரத்துக்குள் போகும், முனை மூடியின் மேல் 2.5 மி.மீ. வெளியே வந்துவிடும். 10 மி.மீ. ஸ்க்ரூகூட அரை மி.மீ. எட்டிப் பார்க்கும். இந்த மூடிக்கு 8 மி.மீ.தான் சரி.

நல்ல பித்தளை ஸ்க்ரூ மென்மையானது. தேக்கு, ஈட்டி போன்ற மரத்தில் நேரடியாக முறுக்கினால் தலை அறுந்து உடல் உள்ளேயே நின்றுவிடும். 2 மி.மீ. ஸ்க்ரூவுக்கு 1.5 மி.மீ. பிட்டால் துளை போட்டு, அதே அளவு இரும்பு ஸ்க்ரூவை ஒருமுறை ஏற்றி இறக்கி மரை எடுத்துக்கொள்ளுங்கள். பிறகு பித்தளை ஸ்க்ரூவில் மெழுகு தடவி ஏற்றலாம். சோப்பு தடவும் பழக்கம் வேண்டாம், அது ஈரத்தை இழுக்கும். முதலில் ஒரு தகட்டுக்கு ஒரே ஸ்க்ரூ போட்டு, மூடியைத் திறந்து மூடிப் பார்த்துவிட்டு மற்றவற்றைப் போடவும்.

ஏமாந்துவிட்டால் சும்மா விடாதீர்கள். விளம்பரத்தில் சொன்ன தன்மை பொருளில் இல்லை என்றால் அதைத் திரும்ப எடுக்க விற்பவர் மறுக்கக் கூடாது என்று 2020-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகள் சொல்கின்றன. விற்பனைப் பக்கத்தை உடனே ஸ்க்ரீன்ஷாட் எடுங்கள், விற்பவர் பிறகு வாசகத்தை மாற்றிவிடக்கூடும். பாக்கெட் பிரிப்பது, காந்தம் ஒட்டுவது, அரம் இழுத்த இடம் எல்லாம் ஒரே வீடியோவில் இருக்கட்டும். தளத்தின் குறைதீர் அதிகாரிக்கு எழுதினால், அவர் 48 மணி நேரத்தில் புகார் கிடைத்ததை உறுதிசெய்து, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். அதற்கும் அசையவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.